செம்பருத்தியின் ஒன்றுவிட்ட தம்பி: மாமா பதில்கள்

மாமா, செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் உட்காரும் ஒரு காபிக் கடையில் ‘ஹைபிஸ்கஸ் டீ’ என்று 180 ரூபாய் வாங்கிவிட்டார்கள். என் வீட்டு வேலியில் தினமும் நாற்பது செம்பருத்தி பூக்கிறது. நான் கோடீஸ்வரனா?
— வாசகர், பே கோபுரம் தெரு

கணக்கு சரி, ஆள்தான் மாறிப்போச்சு. கோப்பையில் மிதந்தது உங்கள் வேலிக்காரி அல்ல, அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி.

வேலியில் இருப்பது ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். கோப்பையில் இருந்தது ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா. இரண்டுக்கும் 1753ல் பெயர் வைத்தவர் ஸ்வீடன்காரர் லின்னேயஸ். இரண்டாவதுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே பெயர் வைத்தவர் உங்கள் தெருவில் கூடை சுமக்கும் கீரைக்காரம்மா: புளிச்சக்கீரை.

ஆமாம், களிக்குக் கடைந்து ஊற்றுவோமே, அதேதான்.

அப்போ புளிச்சக்கீரைப் பூவைக் காய்ச்சினால் அந்த டீ வந்துவிடுமா?
— இல்லத்தரசி, கலசபாக்கம்

வராது. பூ இளமஞ்சள்; நடுவில் மட்டும் கருஞ்சிவப்புப் பொட்டு. ஒரு நாள் வாழ்க்கை. அது உதிர்ந்த பிறகு, காயைச் சுற்றியிருக்கும் புல்லிவட்டம் தடித்து, சதைப்பற்றாகி, ரத்தச் சிவப்பாகும். அந்த மேல்சட்டையை உரித்துக் காயவைப்பதுதான் சரக்கு.

மாப்பிள்ளையை அனுப்பிவிட்டுச் சட்டைக்கு ஆரத்தி எடுத்த கதை. பெயர் மட்டும் பூ டீ.

எங்கள் கொல்லையிலும் புளிச்சக்கீரை இருக்கிறது. சட்டை சிவக்கவும் இல்லை, தடிக்கவும் இல்லை. மாமா பொய் சொல்கிறீர்களா?
— விவசாயி, ஆரணி

மாமா பொய் சொல்வார், ஆனால் கீரை விஷயத்தில் மாட்டார். புளிச்சக்கீரை என்ற ஒரே பெயரில் நம் சந்தையில் இரண்டு பேர் உலவுகிறார்கள். உங்களிடம் இருப்பது அநேகமாக ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். கோணிப்பைக்கு நார் தரும் வம்சம். இலை புளிக்கும், சட்டை மெலிசு.

ஆந்திராக்காரர் கோங்குரா என்று கொண்டாடும் சிவப்புத் தண்டுக்காரன்தான் சப்டாரிஃபா. அதிலும் பச்சை ரகம், சிவப்பு ரகம் உண்டு. கோப்பைக்குச் சிவப்பு வேண்டும். ரேஷன் கடையில் ஒரே பெயரில் இருவர் நின்றால் அப்பா பெயர் கேட்பதில்லையா? இங்கே தண்டின் நிறத்தைக் கேளுங்கள்.

செம்பருத்தி டீ குடித்தால் முடி வளருமா?
— கல்லூரி மாணவி, வந்தவாசி

எங்கே, நாக்கிலா?

இலையை அரைத்துத் தலையில் தேய்த்தால் அந்தக் கொழகொழப்பு அழுக்கை எடுக்கும், சிக்கு விடும். பாட்டிமார் சீயக்காயோடு சேர்த்தது அதற்குத்தான். வளருமா என்ற கேள்வியைத் தலையில் முடியுள்ள வேறு யாரையாவது கேளுங்கள்.

இது கரீபியன் தீவுகளின் பாரம்பரியப் பானம் என்கிறார்களே, நிஜமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், போளூர்

நிஜம்தான் ஐயா, ஆனால் பாதி வழியிலிருந்து சொல்லும் நிஜம். செடியின் தாய்வீடு ஆப்பிரிக்கா. அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களோடு விதையும் அட்லாண்டிக்கைத் தாண்டியது. 1707லேயே ஜமைக்காவில் பயிராகியிருக்கிறது.

அங்கே அதற்குப் பெயர் ‘சாரல்’. குற்றாலத்தில் சாரல் நம்மை நனைக்கும். கிங்ஸ்டனில் நாம் சாரலைக் குடிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஏதோ ஒரு புளிப்புக் கீரைக்கு இருந்த பெயரை இதற்கும் மாட்டிவிட்டார்கள். நாம் ‘புளிச்ச’ என்றோம், அவர்கள் ‘சாரல்’ என்றார்கள். உலகம் முழுக்க நாக்கு ஒன்றுதான்.

ஆப்பிரிக்காவில் தங்கிவிட்ட பங்காளிகள் சும்மா இருந்தார்களா? செனகலில் ‘பிஸாப்’, நைஜீரியாவில் ‘சோபோ’, எகிப்திலும் சூடானிலும் ‘கர்கதே’. மெக்சிகோவில் இதற்குப் பெயரே ‘ஜமைக்கா’. ஆனால் அப்படிக் கேட்டால் தரமாட்டார்கள். ‘ஹமைக்கா’ என்று இருமிக் கேட்க வேண்டும்.

ஜமைக்காக்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள்? செய்முறை மட்டும் போதும், சரித்திரம் வேண்டாம்.
— சமையல்காரர், திருக்கோவிலூர்

கட்டளை. சிவப்புச் சட்டைகளை மண்ஜாடியில் போடு. இஞ்சி துருவு. கிராம்பு நாலு. கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்று, மூடு, மறந்துவிடு. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் வடிகட்டிச் சர்க்கரை சேர்.

சர்க்கரைக்குப் பதில் பனங்கற்கண்டு போட்டால் ஜமைக்காக்காரன் கோபிப்பான், நாக்கு கோபிக்காது. அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம். புளிக்கரைசலுக்குச் சொல்லும் அதே புத்திமதி.

கிறிஸ்துமஸுக்கு அதில் ரம் ஊற்றுவார்களாமே? பௌர்ணமிக்கு நாமும்...
— பெயர் வேண்டாம், தண்டராம்பட்டு

பெயர் வேண்டாம் என்றதுமே விஷயம் புரிந்துவிட்டது. ஊற்றுவார்கள், தாராளமாக.

நீங்கள் ஊற்றினால் திருவண்ணாமலை கிரிவலத்தின் பதினான்கு கிலோமீட்டரில் சுற்றுவது நீங்களா, மலையா என்று கண்டுபிடிக்க முடியாது.

நம் தமிழர்கள் கரீபியனுக்குப் போனபோது இந்தப் பானத்தைக் கண்டிருப்பார்களா?
— வாசகர், பாரிஸ்

நல்ல கேள்வி. இந்த வாரம் மற்றவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1848ல் அடிமைமுறையை ஒழித்தார்கள். கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தம் எழுதிக் கப்பலேற்றினார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவுக்குப் போனது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப் தீவில் முதல் இந்தியர்களை இறக்கியது. நம் ஊரிலிருந்து புதுச்சேரி சுமார் நூறு கிலோமீட்டர். திருவண்ணாமலை அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில். ஆற்காட்டுச் சீமைக்காரர் பலர் இப்படிக் கடல் கடந்திருக்கிறார்கள்.

தேதியைக் கவனியுங்கள். டிசம்பர் 24. குவாதலூப்பில் கிறிஸ்துமஸ் பானமே இதுதான். அங்கே பெயர் ‘க்ரோசேய் பேயி’. பயப்பட வேண்டாம், ‘பேயி’ என்றால் பேய் அல்ல, நாட்டுக்கோழி என்கிறோமே, அந்த ‘நாட்டு’.

மாதக்கணக்கில் உப்புக்காற்றைத் தின்று வந்த ஒரு பெண், கரையில் கால் வைத்து, சிவந்த செடியைப் பார்த்து, “அட, நம்ம புளிச்சக்கீரை!” என்று சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பத்திரத்தில் எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது.

மாரியம்மன் அங்கே ‘மாலியெமின்’ ஆனாள். மதுரை வீரன் ‘மால்தேவிலின்’ ஆனார். ‘கொலம்போ’ என்று ஒரு கறி இன்றும் அங்கே வீட்டுக்கு வீடு கொதிக்கிறது. பெயர் குழம்பிலிருந்து வந்ததா, கொழும்பிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் குழம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆங்கிலேயர் ஆண்ட கரீபியன் பக்கமும் போனார்களா? ஒரே வரியில்.
— போட்டித் தேர்வு எழுதுபவர், செய்யாறு

1838ல் கயானா, 1845ல் ஜமைக்காவும் டிரினிடாடும், 1857ல் கிரெனடா. போன இந்தியரில் பெரும்பாலோர் கல்கத்தா வழி, சென்னை வழிப் போனவர்களுக்கு அங்கே ‘மதராசி’ என்று தனிப்பெயர்.

அடுத்த வரி இலவசம்: 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமர் மோசஸ் நாகமுத்து. வெஸ்ட் இண்டீஸுக்குச் சுழற்பந்து வீசியவர் வீராசாமி பெருமாள். வீராசாமி ‘நோ பால்’ போட்டால் திட்டக்கூட நமக்கு மனசு வராது.

எனக்கு பி.பி. 150. தினமும் செம்பருத்தி டீ குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று மருமகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.
— தாத்தா, வேட்டவலம்

மருமகனுக்கு உங்கள் சொத்து விவரம் தெரியுமா?

விளையாட்டு போகட்டும். பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 65 பேருக்குத் தினம் மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2010ல் வந்தது. மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. நிறமும் மணமும் மட்டும் சேர்த்த வெறும் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு 1 புள்ளி இறங்கியது. கொஞ்சமாக ஏறியிருந்தவர்கள்தான் அந்த 65 பேரும். மாத்திரை சாப்பிடுபவர்கள் அல்ல. 2021ல் மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் குழு அதுவரை நடந்த சோதனைகளை அலசிவிட்டு, ‘ஆதாரம் போதாது’ என்றது.

முக்கியமான சங்கதி: சோதித்தது தம்பியை, அக்காவை அல்ல. நீங்கள் வேலியில் பறித்துக் காய்ச்சினால் பாஸ்டன் பொறுப்பேற்காது. மாத்திரையோடு சேர்த்துத் தினமும் தம்பியைக் குடிப்பதென்றாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து இழுத்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். மாத்திரையை நிறுத்தும் அதிகாரம் எழுதியவருக்குத்தான், அனுப்பியவருக்கு இல்லை.

கர்ப்பமாக இருக்கிறேன். குடிக்கலாமா?
— வாசகி, கீழ்பென்னாத்தூர்

வேண்டாம் அம்மா. அக்காவும் வேண்டாம், தம்பியும் வேண்டாம். இதில் மாமா ஜோக் அடிப்பதில்லை.

சிறுநீரகக் கல் வந்து போனவன் நான். புளிச்சக்கீரை?
— லாரி ஓட்டுநர், செஞ்சி

ஆக்சாலிக் அமிலம் அதில் தாராளம். போன விருந்தாளிக்கு மறுபடியும் ஏன் பத்திரிகை வைக்கிறீர்கள்?

கிரிவலப் பாதையில் ஒருவர் சிவப்புப் பொடி விற்கிறார். சர்க்கரை, இதயம், மூட்டு, மலட்டுத்தன்மை, கண் திருஷ்டி எல்லாம் போகுமாம். அண்ணாமலை மூலிகையாம். வாங்கலாமா?
— இளைஞர், ஒத்தவாடைத் தெரு

ஐந்தும் ஒருவருக்கே இருந்தால் வாங்கலாம், சிக்கனம்.

இது எந்த ஊர் என்று ஞாபகம் இருக்கிறதா? அடிமுடி தேடிய கதை நடந்த ஊர். அன்னமாகப் பறந்த பிரம்மா, முடியைக் காணாமலே ‘கண்டேன்’ என்றார். தாழம்பூவைச் சாட்சிக்கு இழுத்தார். பூ தலையாட்டியது. அன்றிலிருந்து சிவபூஜையில் தாழம்பூவுக்கு இடமில்லை. இவ்வளவு மணமுள்ள பூவுக்கே ஒரே ஒரு பொய்யில் ஆயுள் தண்டனை.

செம்பருத்தி பாவம், வாயே திறக்கவில்லை. பேசுவது முழுக்க போஸ்டர். தண்டனையாவது சரியான ஆளுக்குப் போய்ச் சேரட்டும்: பொடியை வாங்காதீர்கள்.

அந்தப் பொடி நிஜமா, சாயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (நான் வாங்கிவிட்டேன்.)
— அதே இளைஞர்

தெரியும்டா.

கொஞ்சம் தண்ணீரில் கரை, ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போடு. நிஜச் சரக்கானால் சிவப்பு போய் நீலமோ பச்சையோ கலந்து அழுக்காகும். எலுமிச்சை பிழிந்தால் மறுபடி சிவக்கும். கடைச் சாயமானால் பெரும்பாலும் அசையாது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே ரசாயனக் குடும்பத்து வித்தை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செம்பருத்திச் சாற்றை வைத்து அமிலம், காரம் பார்ப்பதும் இப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சோதனையில் சாயம் வெளுத்தால் ஆள் நல்லவன்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் செவ்வரத்தை என்கிறோம், சிலர் சப்பாத்துப்பூ என்கிறார்கள். சாமிக்கு வைக்கும் பூவுக்குச் செருப்புப் பெயரா?
— வாசகர், யாழ்ப்பாணம்

கறுப்புத் தோல் சப்பாத்தில் இதழைத் தேய்த்தால் பளபளக்கும். அந்தப் பாவத்துக்கு அந்தப் பெயர். ஜமைக்காவிலும் இதற்கு ‘ஷூ பிளாக்’ என்று பெயர் உண்டு, பாருங்கள்.

காளிக்கும் கணபதிக்கும் மாலையாவாள், வெள்ளைக்காரத் துரைக்குப் பாலிஷும் ஆவாள். எத்தனை வேலைதான் பார்ப்பாள் ஒருத்தி?

மலேசியாவில் இதுதான் தேசிய மலர், தெரியுமா மாமா?
— வாசகி, ஈப்போ

1960ல் அறிவித்தார்கள், பெயர் ‘புங்ஙா ராயா’. தம்பியையும் விடவில்லை, 1990களில் திரங்கானு பக்கம் பயிரிட்டு ‘ரோசெல்’ என்று பாட்டிலில் அடைத்தார்கள்.

அக்காவுக்குப் பட்டம், தம்பிக்கு பாட்டில். இங்கே அக்காவுக்கு வேலி, தம்பிக்குக் களி.

செம்பருத்தி என்றதும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது?
— சினிமா ரசிகர், செங்கம்

1992. ஆர்.கே. செல்வமணி படம். கதாநாயகி அறிமுகம்: ரோஜா.

லின்னேயஸ் இந்தப் பூவுக்கு வைத்த பெயருக்கு அர்த்தமே ‘சீன ரோஜா’. செம்பருத்திக்குள் ரோஜா இருக்கிறாள் என்று அவர் படத்துக்கு 239 வருஷம் முன்பே சொல்லிவிட்டார், கோடம்பாக்கம்தான் தாமதம்.

பெயரிலேயே ‘பருத்தி’ இருக்கிறதே, சொந்தமா?
— நெசவாளர், ஆரணி

ரத்த சொந்தம். பருத்தி, பூவரசு, வெண்டை, செம்பருத்தி, புளிச்சக்கீரை எல்லாம் மால்வேசி என்ற ஒரே குடும்பம். வெண்டைக்காய்க்கே ஒரு காலத்தில் லின்னேயஸ் கொடுத்த பெயர் ஹைபிஸ்கஸ்தான். வெண்டைக்காயின் கொழகொழப்பையும் செம்பருத்தி இலையின் கொழகொழப்பையும் கையில் தொட்டவருக்குத் தாவரவியல் பட்டம் தேவையில்லை.

நீங்கள் நெய்வது, நான் உண்பது, உங்கள் வீட்டம்மா தலைக்குத் தேய்ப்பது, மூன்றும் பங்காளிகள். நல்லவேளை, சொத்துத் தகராறு இல்லை.

செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. என்ன செய்ய?
— மாடித் தோட்டக்காரர், போளூர்

முதலில் எறும்பை விரட்டுங்கள். அதுதான் அந்தப் பூச்சிக்குக் காவல். தேன்துளிக்கு ஆசைப்பட்டுக் கூலிக்கு நிற்கிறது. பிறகு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடியுங்கள். ரௌடியைப் பிடிக்குமுன் அடியாளைக் கவனிப்பது எல்லா ஊர் போலீஸுக்கும் தெரிந்த பாடம்.

சாரலை ஏன் கிறிஸ்துமஸுக்கே குடிக்கிறார்கள்? மற்ற நாளில் குடித்தால் குற்றமா?
— பாதிரியார், செங்கம்

குற்றமில்லை ஃபாதர், சரக்கு இல்லை. உலர்த்தி வைத்த சட்டை இன்று வருஷம் முழுக்கக் கிடைக்கும்; பழக்கம் உண்டான காலத்தில் செடியில் இருந்தால்தான் உண்டு. இந்தச் செடிக்குக் கடிகாரம் பகல் நீளம்தான். பகல் சுருங்கினால்தான் மொட்டுக் கட்டும். புரட்டாசி, ஐப்பசியில் பூத்து, கார்த்திகை, மார்கழியில் சட்டை சிவக்கும். தீவுக்காரர்களுக்கு அது கிறிஸ்துமஸ்.

நமக்கு? ஆடிப்பட்டத்தில் விதைத்தால் சட்டை சிவக்கும்போது மலைமேல் தீபம்.

வரைபடத்தை எடுத்து ஒரு வேலை செய்யுங்கள். நம் மலை வடக்கு 12 பாகைக்குச் சற்று மேலே. அங்கே விரலை வைத்து நேராக மேற்கே இழுங்கள். அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போய் விரல் முட்டும் இடம் கிரெனடா. அதுவும் 12 பாகைதான். மேலே பார்பேடாஸ் 13. பகலின் நீளம் இங்கும் அங்கும் ஏறக்குறைய நிமிஷம் பிசகாமல் ஒன்று. செடிக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாது.

ஆகவே ஃபாதர், உங்கள் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஜாடியோடு நான் வருகிறேன். ரம் தண்டராம்பட்டுக்காரர் கொண்டுவருவார்.

குச்சி வெட்டி நட்டால் புளிச்சக்கீரை வருமா?
— இல்லத்தரசி, கலசபாக்கம்

குச்சிக்கு ஏற்றவள் செம்பருத்திதான், வருஷக்கணக்கில் நிற்பாள். நம் ஊர் வேலிச் செம்பருத்தி விதை வைப்பதே அபூர்வம். தம்பி வேறு மாதிரி: குச்சியிலும் வருவான், ஆனால் விதை போடுவதுதான் வழக்கம், ஒரே வருஷத்தில் கணக்கை முடித்துக்கொள்வான். காய் முற்றிப் போகுமுன் சட்டையை உரியுங்கள். விட்டால் சட்டை நாராகிவிடும்.

நாலு காயை மட்டும் செடியிலேயே விடுங்கள், அடுத்த ஆடிக்கு.

மாமா, மறுபடி நான்தான். இவ்வளவும் படித்த பிறகு அந்த 180 ரூபாய் உறுத்துகிறது. திருப்பிக் கேட்கலாமா?
— வாசகர், பே கோபுரம் தெரு

தாராளமாக. குடித்ததை அவர்கள் திருப்பிக் கேட்காதவரை.